விற்கவியலா மணிகள்: ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாண’த்தில் அழியாச் செல்வமும் அன்றாடப் பசியும்

ஆய்வுச் சுருக்கம்

ஜான் பனியனின் உருவகப் புனைகதை மண்ணகச் செல்வத்தினும் விண்ணகச் செல்வமே மேலானது என வலியுறுத்தும் நூலாகப் பொதுவாக வாசிக்கப்படுகிறது. அவ்வலியுறுத்தலில் எழும் சிக்கலொன்றை அந்நூலின் ‘அற்பவிசுவாசி’ கிளைக்கதை வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. அழியாச் செல்வம் காலந்தாழ்ந்து கிட்டும் இலாபம் அன்று; உலகச் சந்தையில் மாற்று மதிப்பே இல்லாதது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பனியன், உருவகம், அழியாச் செல்வம், மாயச்சந்தை, அற்பவிசுவாசி.

முன்னுரை

பூச்சியும் துருவும் திருடரும் அணுகாத விண்ணகச் சேமிப்பையே நாடுமாறு மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இயேசு அறிவுறுத்துகிறார். இவ்வறிவுரைக்குக் கதைவடிவம் தந்த நூல்களுள் பனியனின் ‘பில்கிரிம்ஸ் பிராகிரஸ்’ தலையாயது. இதன் முதற்பாகம் 1678ஆம் ஆண்டும் இரண்டாம் பாகம் 1684ஆம் ஆண்டும் வெளிவந்தன. தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என உரைநடையில் வழங்கும் இந்நூலைத் தழுவியே எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிக’த்தை இயற்றினார், அது 1894இல் நூலாக்கம் பெற்றது. இக்கட்டுரை ஆங்கில மூலத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. உருவக மாந்தர் பெயர்கள் பொருள் நோக்கித் தமிழில் தரப்படுகின்றன.

இலாபக் கணக்கு என்னும் ஐயம்

நூலின் தொடக்கப் பகுதியில், விளக்கமளிப்போன் இல்லத்தில் ‘வேட்கை’, ‘பொறுமை’ என்னும் இரு சிறுவர்கள் காட்டப்படுகின்றனர். வேட்கை தன் செல்வப் பையை உடனே பெற்று, விரைவில் அனைத்தையும் இழந்து கந்தலோடு நிற்கிறான். பொறுமை தன் பங்குக்காகக் காத்திருக்கிறான். இக்காட்சியைத் தனித்து நோக்கின், துறவு என்பதே தேர்ந்த முதலீடாகிவிடும். இன்று கைவிடுவது நாளை மிகுதியாகப் பெறுவதற்கே எனின், பொறுமைக்கும் வேட்கைக்கும் இடையிலான வேறுபாடு காலத்தைப் பற்றியது மட்டுமே. ஆசையின் இயல்பில் மாற்றமில்லை.

இவ்வையத்தைப் பனியன் அறியாதவர் அல்லர். ஆதாயத்திற்காகச் சமயத்தைப் பேணும் ‘உபாயி’யையும் அவன் தோழரையும் படைத்து, அவர்தம் வாதத்தை அவர்கள் வாயாலேயே விரிவாகப் பேசவிட்டுப் பின் மறுக்கிறார். எனினும், அங்குக் கண்டிக்கப்படுவது இம்மை ஆதாயமே. மறுமை ஆதாயம் குறித்த வினா எஞ்சி நிற்கிறது.

அற்பவிசுவாசியின் மணிகள்

அவ்வினாவுக்கு விடையளிப்பது அற்பவிசுவாசியின் கதை. வழியில் உறங்கிவிட்ட அவனை மூன்று கள்வர் தாக்கிக் கைச்செலவுப் பணத்தைப் பறிக்கின்றனர். அவனுடைய மணிகள் தப்புகின்றன. ஆயினும் எஞ்சிய காசு போதாமையால் அவன் இரந்துண்டு, பெரும்பாலும் வயிறு நிறையாமலே மீதி வழியைக் கடக்கிறான். மணிகள் கையிலிருந்தும் இழந்த பணத்தின் நினைவே அவனை வாட்டுகிறது.

இக்கதையைக் கேட்கும் ‘நம்பிக்கை’, அம்மணிகளுள் சிலவற்றை விற்றோ அடகுவைத்தோ அவன் பசியாறியிருக்கலாமே என வினவுகிறான். அறியாச் சிறுவன்போல் பேசுவதாகக் கிறிஸ்தியான் அவனைக் கடிந்துகொள்கிறான்: அந்நாட்டில் அவற்றை மதிப்பார் எவருமிலர், விற்றால் விண்ணக நகரின் வாயிலில் உரிமையும் இழக்க நேரும்.

வினவுபவன் யார் என்பது கருதத்தக்கது. நம்பிக்கை மாயச்சந்தை நகரத்தான். அங்கு விற்கப்பட்டவற்றில் நெடுங்காலம் மகிழ்ந்தவன். மனைவி, கணவன், பிள்ளை, உயிர், ஆன்மா என அனைத்துக்கும் விலையுள்ள சந்தை அது. வெள்ளிச் சுரங்கத்தைக் காணத் தேமா அழைத்தபோதும் போய்ப் பார்க்கலாம் என்றவன் இவனே. சந்தையை விட்டு வெளியேறிய பின்னும் சந்தையின் தருக்கம் அவனை விட்டு வெளியேறவில்லை. ஆகவே, மணிகளுக்கு மாற்று மதிப்பில்லை என்னும் விடை அவன் அறிந்த பொருளியலையே தகர்க்கிறது. விலையே இல்லாத ஒன்றை இலாபமாகக் கணக்கிட இயலாது.

அதேவேளை பனியன் பசியைச் சிறுமைப்படுத்தவில்லை. கிறிஸ்தியானின் கடுமொழி தன்னைச் சினமூட்டவிருந்தது என்று நம்பிக்கை முறையிட இடமளிக்கிறார். தகரவேலைக் குடும்பத்தில் பிறந்து, இசைவின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டுச் சிறையிலிருந்து, அங்குக் காலணி நாடாக்களுக்கு முனைகட்டிக் குடும்பத்தைத் தாங்கிய ஆசிரியருக்குக் கைச்செலவுப் பணத்தின் அருமை தெரியும். அழியாச் செல்வம் பசியை ஆற்றாது என்பதை மறைக்காமையே இக்கிளைக்கதையின் வலிமை.

சொல்லப்படாத கொடையாளர்

எனினும் ஒரு குறை சுட்டத்தக்கது. லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், விண்ணகச் சேமிப்பு உடைமையை விற்று ஏழையர்க்கு ஈவதோடு பிணைக்கப்பட்டுள்ளது. அற்பவிசுவாசி இரந்தான் எனில் ஈந்தவர் இருந்திருத்தல் வேண்டும். அவர்களைப் பற்றிக் கதை வாய் திறக்கவில்லை. அழியாச் செல்வம் இங்குத் தனிமனிதன் காத்துக்கொள்ளும் உடைமையாகவே நின்றுவிடுகிறது.

இக்குறையை இரண்டாம் பாகம் ஓரளவு நிறைவுசெய்கிறது. ஏழையர்க்கு ஆடை தைக்கும் ‘இரக்கம்’ என்னும் பெண்ணை மணக்க விரும்பி வருபவன், அவள் உழைப்பை வருவாயாக எண்ணி மகிழ்கிறான்; அவை இலவசமாக வழங்கப்படுவதை அறிந்ததும் விலகிவிடுகிறான். நற்செயலில் செல்வராதல் என்னும் திமொத்தேயு நிருபக் கருத்தே அவள் விடையில் ஒலிக்கிறது. அற்பவிசுவாசியின் மணிகள் விற்கவியலாதவை. இரக்கத்தின் ஆடைகளோ விற்கத்தக்கனவாயிருந்தும் விற்கப்படாதவை.

முடிவுரை

மண்ணகச் செல்வத்தைவிட விண்ணகச் செல்வத்தை மேலாக மதித்தல் பனியனிடம் மூன்று படிநிலைகளில் அமைகிறது. பொறுமையிடம் அது காத்திருத்தல், அற்பவிசுவாசியிடம் விற்க மறுத்தல், இரக்கத்திடம் ஈதல். முதற்படியோடு வாசிப்பை நிறுத்துவோர்க்கு இந்நூல் மறுமை இலாபத்தின் விளம்பரமாகத் தோன்றும். மூன்றையும் இணைத்து நோக்கின், செல்வம் என்னும் சொல்லின் பொருளே படிப்படியாக மாறிவருவது புலனாகும். சேமிப்பில் தொடங்கிய சொல் கொடையில் வந்து நிலைபெறுகிறது.