அப்துல்லா பார்த்த புகைக்கப்பல்

முன்ஷி அப்துல்லாவை நம்மில் பலர் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டோம். 'நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை' என்று சோதனைத்தாளில் ஒரு வரி, அத்தோடு சரி. 'ஹிகாயத் அப்துல்லா'வைப் பற்றிப் பேசவாவது ஆள் இருக்கு. 1843இல் வந்த 'செரித்தெரா கப்பால் ஆசாப்' என்ற சின்ன நூலை யாரும் தொடுவதில்லை. அவர் எழுத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது அதுதான்.

புகைக்கப்பலின் கதை என்று அர்த்தம். 'கப்பால்' நம்ம கப்பலேதான், மலாய்க்குப் போய்க் குடியேறிய சொல். எழுதியவரும் கிட்டத்தட்ட அப்படித்தான். பூட்டன் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே பெண்ணெடுத்தவர். தாத்தா மலாக்காவுக்கு வந்தார். வியாபாரக் கணக்குக்காக மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படித்த காலம் அது. அப்துல்லாவும் படித்தார்.

சிங்கப்பூரில் அவர் ஏறிப் பார்த்தது 'செசோஸ்திரிஸ்', கிழக்கிந்தியக் கம்பெனியின் நீராவிப் போர்க்கப்பல். காற்றுக்குக் காத்திருக்காத கப்பல். அரசர்களும் அற்புதங்களும் நிறைந்திருந்த மலாய் உரைநடையில் ஓர் இயந்திரம் கதாநாயகனாகிறது. நேரில் பார்த்தேன், சொல்கிறேன் என்ற குரல். இன்றைக்கும் அந்தக் குரல் பழசாகவில்லை.

சரி, அந்தக் கப்பல் எங்கே போனது? 1841இல் ஹென்றி பாட்டிங்கரை ஏற்றிக்கொண்டு சீனாவுக்கு, அபின் போருக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் அமோய் துறைமுகம் தாக்கப்பட்டபோது அதுவும் அங்கே இருந்தது. 1842இல் ஹாங்காங் பறிபோனது. நூல் அச்சாகும்போது இதெல்லாம் நடந்து முடிந்த கதை. நூலின் கண்ணோ கப்பலுக்குள்ளேயே நிற்கிறது.

அப்துல்லாவுக்குத் துக்கப்படத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 1807இல் வில்லியம் ஃபார்க்குவார் மலாக்காக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்ததை 'ஹிகாயத்'தில் அவர் எழுதியிருக்கும் இடம் இழவு வீட்டுக் குரல். அது அவர் ஊர்க் கோட்டை. அமோய் அவர் ஊர் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது.

அதற்காக அவரை வெள்ளைக்காரனின் அடிவருடி என்று ஒதுக்கிவிடலாமா? டச்சுக்காரர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தால் அவ்வளவு சுலபம் இல்லை. 1855இல் அவர்கள் 'சூம்பிங்' என்ற நீராவிப் போர்க்கப்பலை ஜப்பானுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அது 'கன்கோ மாரு' ஆனது. நாகசாகியில் டச்சு அதிகாரிகள் பாடம் எடுத்தார்கள். நெதர்லாந்தில் கட்டிய 'கன்ரின் மாரு' 1860இல் ஜப்பானிய மாலுமிகளோடு (சில அமெரிக்கர்கள் கைகொடுக்க) பசிபிக்கைக் கடந்து சான் பிரான்சிஸ்கோ போனது. ஐந்தே வருசம்! ஆனால் 1863இல் ஷிமோனோசெகி நீரிணையில் டச்சுக் கப்பல் 'மெதூசா' மேல் குண்டு விழுந்ததும், அடுத்த வருசமே பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்காவோடு சேர்ந்து டச்சுக் கப்பல்கள் நான்கு அந்தக் கரையைச் சுட்டன. பாடம் எடுத்த அதே நாடுதான்.

ஜப்பான்காரர்களும் கப்பலைப் பார்த்து வியந்தவர்கள்தான். ஆனால் அதை இயக்கிப் பார்க்க அவர்களுக்கு ஓர் அரசு இருந்தது. நமக்கு? 1824இல் லண்டனில் கையெழுத்தான ஆங்கில-டச்சு ஒப்பந்தம் ஜொகூர் சுல்தானகத்தையே ரெண்டாக வெட்டியது. இந்தப் பக்கம் ஆங்கிலேயர், நீருக்கு அந்தப் பக்கம் ரியாவ்-லிங்கா டச்சுக்காரர்களுக்கு. 1857இல் லிங்கா சுல்தான் மஹ்மூதை டச்சுக்காரர்கள் பதவியிலிருந்தே இறக்கிவிட்டார்கள். யார் கப்பல் வாங்குவது, யார் பள்ளி நடத்துவது?

அப்துல்லா மலாய்க்காரர்களைப் பார்த்து, கற்றுக்கொள்ளாமல் இருக்கிறீர்களே என்று திரும்பத் திரும்பக் கடிந்துகொள்பவர். அந்த அக்கறை உண்மையானது. கணக்குதான் தப்பு. அதிகாரம் பறிக்கப்பட்டதால் வந்த குறையைச் சோம்பலால் வந்ததாக எழுதுகிறார். இன்றைக்கும் நம் ஊர் மேடைகளில் தோட்டத்துத் தமிழர்களைப் பார்த்து இதே தொனியில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த நூல் ஞாபகம் வரும்.

படிக்க நினைப்பவர்கள் கோட்டை இடிந்த பகுதியை முதலில் படியுங்கள், கப்பலை அப்புறம்.