சுட்டுவிரலில் குவிந்த பலம்

சீனக் கதைகளில் பேயடக்கும் சோங் குய்யின் படத்தை எடைபோட எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் ஒரு விரல்தான்.

பத்தாம் நூற்றாண்டில் ஷூ நாட்டு அரசன் மெங் சாங்கிடம் தாங் கால ஓவியர் ஊ தாவ்ஸி வரைந்த சோங் குய் படம் இருந்தது. ஒரு கை பேயைப் பிடித்திருக்க, வலக்கைச் சுட்டுவிரல் அதன் கண்ணைத் தோண்டும். பெருவிரலாக இருந்தால் இன்னும் வலுவாக இருக்குமே என்று அரசனுக்குத் தோன்றியது. திருத்தித் தரும்படி அரண்மனை ஓவியர் ஹுவாங் சுவானிடம் கொடுத்தான். அவர் பல நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பழைய படத்தில் ஒரு கோடுகூடச் சேர்க்காமல், பெருவிரலால் தோண்டும் புதிய படம் ஒன்றை வரைந்து கொண்டுவந்தார். ஊ தாவ்ஸியின் உருவத்தில் உடலின் பலமும் பார்வையும் சுட்டுவிரலில் குவிந்திருக்கின்றன, விரலை மட்டும் மாற்ற முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

ஊ தாவ்ஸியின் மூலப்படம் இன்று இல்லை, கதை மட்டும் இருக்கிறது. தாங் பேரரசர் ஷுவான்சோங் காய்ச்சலில் கிடந்தபோது, தம் புல்லாங்குழலைத் திருடிய குட்டிப் பேயை ஒரு பெரிய பேய் பிடித்துத் தின்பதாகக் கனவு கண்டார். தேர்வில் தோற்றுப் படிக்கட்டில் தலையை மோதி மாண்ட சோங் குய் என்று அது தன்னைச் சொல்லிக்கொண்டது. விழித்த பேரரசருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கனவில் கண்டதை வரைய ஊ தாவ்ஸிக்கு ஆள் போயிற்று. 1072இல் சோங் வம்சப் பேரரசர் அந்தப் படத்தை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டு அமைச்சர்களுக்கு வழங்கினார். அரண்மனை மரபு பெரும்பாலும் இப்படி ஆண்டிறுதிப் பரிசாகவே நடந்தது. 1481இல் மிங் பேரரசர் ஒருவரே வரைந்த சோங் குய் பெய்ஜிங்கில் இருக்கிறது. பணிவான படம், எனக்கு அதில் பயமே வருவதில்லை.

படித்தவர்களின் மரபில் கோங் காய்க்கு ஈடில்லை. சோங் வம்ச அரசு மங்கோலியரிடம் வீழ்ந்த பின் வறுமையில் வாழ்ந்தவர். இப்போது வாஷிங்டனில் உள்ள அவருடைய கைச்சுருளில் சோங் குய் யாரையும் அடிக்கவில்லை. பேய்கள் சுமக்கும் பல்லக்கில் போகிறார். பின்னால் வரும் தங்கையைத் திரும்பிப் பார்க்கிறார். தங்கையின் கன்னத்தில் செஞ்சாந்து இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மை! நாட்டைப் பிடித்தவர்களே அந்தப் பேய்கள் என்று படிப்பவர்கள் உண்டு. இங்கே பலம் விரலில் இல்லை, அந்தத் திரும்பிய கண்ணில் இருக்கிறது.

சிங் காலத்தில் சோங் குய் ஆண்டிறுதியை விட்டு ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் திருவிழாவுக்கு இடம்பெயர்ந்தார். நோய் பரவும் கோடை அது. சிந்தூரச் சிவப்பில் தீட்டுவது வழக்கமாயிற்று. தலைக்கு மேல் வௌவால் பறக்கும். சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒரே ஒலி. கடைப் படங்களில் வௌவால் பெருகப் பெருக முகம் பொம்மையாகிவிட்டது.

அந்தக் காலத்தில்தான் காவ் சீபெய் (1660–1734) தூரிகையை வைத்துவிட்டு, நகத்தையும் விரலையும் மையில் தோய்த்து வரைந்தார். அவர் வரைந்த சோங் குய்யின் தாடி முள்ளாகக் குத்துகிறது. ஹுவாங் சுவான் தொட அஞ்சிய விரல் இங்கே ஓவியரின் கைக்கே வந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் சீ பாய்ஷி அதையும் கவிழ்த்தார். அவர் படத்தில் சோங் குய்யின் முதுகை ஒரு குட்டிப் பேய் சொறிந்துவிடுகிறது. அரிக்கும் இடம் ஒன்று, அதன் விரல் போகும் இடம் வேறொன்று.