தமிழ்ப் படம் (2010): சினிமாபட்டியும் கருத்தம்மாவின் ஊரும்

தமிழ்ப் படம் என்பது 2010 சனவரி 29 அன்று வெளிவந்த நையாண்டித் திரைப்படம் ஆகும். சி. எஸ். அமுதன் இயக்கிய முதல் படம் இது. எஸ். சசிகாந்த் தயாரித்தார். சிவா, திசா பாண்டே, பரவை முனியம்மா, எம். எஸ். பாஸ்கர், மனோபாலா, வெண்ணிற ஆடை மூர்த்தி ஆகியோர் நடித்துள்ளனர். தமிழ்த் திரையுலகம் பல ஆண்டுகளாகப் பழக்கிய வாய்பாடுகளை இப்படம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேலி செய்கிறது.

பின்னணி

சினிமா தன்னைத்தானே கேலி செய்வது புதிதன்று. ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை (1964) படத்தில், படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. விஜய் தொலைக்காட்சியின் லொள்ளு சபா நிகழ்ச்சி, தமிழ்ப் படங்களைத் தனித்தனியாக எடுத்து நையாண்டி செய்தது. ஹாலிவுட்டில் ஏர்பிளேன் (1980) பேரிடர்ப் படங்களைக் கேலி செய்தது. பென் ஸ்டில்லரின் டிராபிக் தண்டர் (2008) நடிகர்களின் தற்பெருமையைக் கேலி செய்தது. ஒரு முழுநீளத் திரைப்படத்தை இந்த நோக்கத்திற்காகவே எடுத்து, திரையரங்கில் வெற்றி பெறச் செய்ததே தமிழ்ப் படத்தின் புதுமை.

தேனியும் திரைக் கிராமமும்

படம் சினிமாபட்டி என்னும் கற்பனைக் கிராமத்தில் தொடங்குகிறது. அங்கே ஆண் குழந்தை பிறக்கக் கூடாது, பிறந்தால் கொல்லப்படும். இந்தக் கேலியின் மூலம் பாரதிராஜாவின் கருத்தம்மா (1994).

பாரதிராஜா தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்தவர். இசையமைப்பாளர் இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர். கவிஞர் வைரமுத்து வளர்ந்தது வடுகபட்டியில். தமிழ்த் திரையில் கிராமம் எப்படித் தோன்ற வேண்டும், எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை 1977 இல் வந்த 16 வயதினிலே தொடங்கிப் பெருமளவு தீர்மானித்தவர்கள் இன்றைய தேனி மாவட்டத்து மனிதர்களே.

கருத்தம்மா பெண் சிசுக்கொலையைப் பேசிய படம். குடும்ப நலனுக்கான சிறந்த படம் என்னும் தேசிய விருதைப் பெற்றது. பாடலாசிரியர் வைரமுத்துவும் பாடகி சுவர்ணலதாவும் தேசிய விருது பெற்றனர். படம் சொன்னது கட்டுக்கதை அன்று. தமிழ்நாடு அரசு 1992 இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001 இல் அதைத் தேனி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது. அந்த அளவுக்குத் தேவை இருந்தது.

கேலி யார் மீது?

அப்படியானால் இறந்த பெண் குழந்தைகளை வைத்தா தமிழ்ப் படம் சிரிக்கிறது? நியாயமான கேள்வி. இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

கருத்தம்மாவில், பெரியார்தாசன் நடித்த மொக்கையன் கொல்லச் சொல்லும் பெண் குழந்தையால் எதுவும் செய்ய முடியாது. ஓர் ஆசிரியர் இரக்கப்பட்டு எடுத்துச் சென்றதால் பிழைக்கிறது. வளர்ந்து மருத்துவராகி, நோயுற்ற அதே தந்தைக்குச் சிகிச்சை அளிக்க வருகிறது. தமிழ்ப் படத்தில் ஆண் குழந்தை வாய் திறந்து பேசுகிறது. பாட்டியிடம் தன்னைச் சென்னைக்குச் சரக்கு ரயிலில் ஏற்றிவிடச் சொல்கிறது. பிறக்கும்போதே அது கதாநாயகன். பிறகு சைக்கிள் மிதித்தபடியே சிறுவன் இளைஞனாகி விடுகிறான்.

சிரிப்பு இந்த வேறுபாட்டில்தான் பிறக்கிறது. திரையில் ஆண் குழந்தைக்குக் குரலும் எதிர்காலமும் பிறவியிலேயே உண்டு; பெண் குழந்தைக்குப் பிறர் இரக்கம் மட்டுமே உண்டு. ஆகவே கேலி, துயரத்தின் மீது அன்று. எந்தத் துயரத்தையும் நாயகனின் அறிமுகக் காட்சியாக மாற்றிவிடும் திரைப் பழக்கத்தின் மீதே.

சினிமாபட்டிக்கு அடையாளமான பயிரோ ஆறோ கிடையாது என்பதும் கவனிக்கத்தக்கது. உண்மையான கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் இருபோக நெல் விளைகிறது. திராட்சைப் பந்தல்கள் உள்ளன. ஏலத் தோட்ட வேலைக்கு மலையேறும் மக்கள் உள்ளனர். சினிமாபட்டி இவற்றில் எதையும் சாராத ஊர். பல படங்களின் பஞ்சாயத்து, ஆலமரம், வேட்டி, துண்டு ஆகியவற்றைச் சேர்த்துத் தைத்த ஊர் அது.

நிறைகள்

எம். எஸ். பாஸ்கர், வெண்ணிற ஆடை மூர்த்தி, மனோபாலா ஆகிய மூத்த நடிகர்களை நாயகனின் இளவயது நண்பர்களாக்கியது, நடுத்தர வயதிலும் கல்லூரி மாணவராக நடிப்பவர்கள் மீது தொடுத்த நல்ல அம்பு. ஒரே பாடலில் நாயகன் கோடீசுவரன் ஆவதும், பொருளற்ற சொற்களாலேயே அமைந்த 'ஓ மகசீயா' பாடலும் அத்தகையவை. சிவா எங்கும் சிரிக்காமல் நடிப்பதால் கேலி கூர்மை பெறுகிறது. இசையமைப்பாளர் கண்ணனின் பாடல்கள் உண்மையான வணிகப் படப் பாடல்களைப் போலவே ஒலிப்பதும் ஒரு பலம்.

குறைகள்

இப்படம் நாயகனைக் கேலி செய்கிறது. நாயகியை அப்படியே விட்டுவிடுகிறது. பிரியாவைக் கவர நாயகன் ஒரே இரவில் பரதநாட்டியம் கற்பது வேடிக்கைதான். ஆனால் பிரியாவுக்கு எந்த எண்ணமும் வேலையும் இல்லாதது ஏன் என்று படம் கேட்பதில்லை. தான் கேலி செய்யும் படங்களைப் போலவே அவளை அழகுக்காக மட்டுமே நிறுத்துகிறது. கருத்தம்மாவை நினைவூட்டித் தொடங்கும் படத்தில் இது சிறிய குறை ஆகாது. இரண்டாம் பாதியில் கேலிகள் கதையாகச் சேராமல் துணுக்குகளாகச் சிதறுகின்றன.

மதிப்பீடு

இப்படம் தெலுங்கில் சுடிகாடு (2012) என மறுஆக்கம் செய்யப்பட்டது. 2018 இல் இதன் இரண்டாம் பாகம் வந்தது. நையாண்டி, மூலத்தை அறிந்தவருக்கே முழுமையாகப் பொருள் தரும். கருத்தம்மாவைப் பார்க்காத இளைஞர் சினிமாபட்டியைக் கண்டு சிரித்துவிட்டு, அப்படியொரு கொடுமை எங்கும் நடந்ததில்லை என்று எண்ணிவிடக்கூடும். எனவே மாணவர்கள் முதலில் கருத்தம்மாவையும் பிறகு தமிழ்ப் படத்தையும் பார்ப்பது நல்லது. அப்போது சிரிப்பும் குறையாது. எதை வைத்துச் சிரிக்கிறோம் என்பதும் தெளிவாகும்.