அந்திமக்கால ஆக்கங்கள்: கையடக்க விளையாட்டுப் பொறிகளும் புறவெளியீட்டாளரும்

மொறிஸ் மைனர் மோட்டார் வண்டியின் உற்பத்தி இங்கிலாந்தில் 1970களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும் 1990இன் பின்னரான பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. செய்தவன் கைவிட்ட பொறியைத் திருத்துபவன் வாழவைத்தான். கையடக்க விளையாட்டுப் பொறிக்கு இந்த நியாயம் முற்றாகப் பொருந்துவதில்லை. அதன் உடலைத் திருத்துநர் காக்கலாம். புதிய ஆக்கங்கள் வராதவிடத்து அது பழையனவற்றையே மீள ஆடும் பெட்டியாகிவிடும். எனவே, முதுமையில் அதற்கு ஆக்கம் தருவோர் யாவர் என்னும் வினா எழுகின்றது. பொறியைத் தாம் செய்யாது, அதற்கான விளையாட்டுக்களை மட்டும் வெளியிடும் நிறுவனங்களே இங்குப் புறவெளியீட்டாளர் எனப்படுகின்றன.

(நின்ரெண்டோவின் கேம் போய் 1989இல் தோன்றி நான்கு சிறு பற்றறிகளில் உலகை வலம்வந்த காலத்தில், குடாநாட்டுக்குப் பற்றறியே தடைசெய்யப்பட்டிருந்தது. வானொலி கேட்கவும் சைக்கிள் டைனமோவைச் சுழற்ற வேண்டியிருந்தது. இக்கலை பற்றிய விமரிசனம் இங்குப் பிந்தியே தலைகாட்டுவதில் வியப்பில்லை.)

முதுமைக்கால ஆக்கங்களைத் தொகை கொண்டு மதிப்பிடுவது வணிக எழுத்தாளரின் வழக்கம். வெளியீடுகள் குறைந்தன, ஆகவே பொறி இறந்தது என்பர். சொனியின் பிளேஸ்ரேஷன் போட்டபிள் இக்கூற்றை மறுக்கின்றது. 2004இல் யப்பானில் வெளிவந்த அப்பொறிக்குக் கப்கொம் நிறுவனம் 2010 டிசம்பரில் வழங்கிய ‘மொன்ஸ்ரர் ஹன்ரர்’ வரிசை ஆக்கம் 40 இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. அதனிலும் கருதத்தக்கது, சில நாட்கள் முன்னதாக ஸ்பைக் நிறுவனம் வெளியிட்ட ‘டங்கன்ரொன்பா’. பாடசாலையொன்றினுள் அடைபட்ட மாணவர், தம்மிடையே உள்ள கொலையாளியை விவாதத்தின் வழியே இனங்காணும் கதை அது. அசையாப் படங்களும் உரையாடலுமே அதன் பெரும்பகுதி. அதாவது, ஆடுபவன் பெரிதும் வாசகனாகின்றான். பொறியின் ஆற்றலைக் காட்டும் போட்டி ஓய்ந்த பின்னரே எழுத்துக்கு அங்கு இடம் கிடைத்தது எனலாம்.

இதனைப் புறவெளியீட்டாளரின் பெருந்தன்மை எனக் கொள்ளுதல் தவறு. பழகிய பொறியில் ஆக்கச் செலவு குறைவு. வாங்குவோர் தொகையும் முன்பே தெரிந்தது. 2011இல் வந்த வீற்றாவைச் சொனியே மெல்லக் கைநழுவவிட்டபோது, ஐடியா ஃபக்ரரி போன்ற யப்பானிய நிறுவனங்கள் பெண் வாசகரை நோக்கிய காதற்கதை விளையாட்டுக்களால் அதனை நிரப்பின. 2014இன் ‘கோட்: ரியலைஸ்’ அவற்றுள் தேர்ந்தது. ஏனையவற்றுள் பல ஒரே அச்சில் வார்த்தவை என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆயினும் 2019இல் உற்பத்தி நிற்கும்வரை அப்பொறியைத் தாங்கியோருள் இவர்கள் முக்கியமானோர்.

தாங்கியவர் கையில் முடிவு இருக்கவில்லை. லெவல்-5 நிறுவனம் 2013இல் நின்ரெண்டோ 3டிஎஸ் பொறிக்கு இணையக்கடை வழியாக வெளியிட்ட ‘அற்றாக் ஒஃப் த ஃப்ரைடே மொன்ஸ்ரர்ஸ்’, 1971இன் தோக்கியோப் புறநகரில் ஒரு சிறுவனின் உலகைச் சித்திரிப்பது. நின்ரெண்டோ 2023 மார்ச் 27இல் அக்கடையின் விற்பனையை நிறுத்தியதும், அப்பொறியில் அதனைப் புதிதாக வாங்கும் வழியும் அடைபட்டது. சொனியும் 2021இல் வீற்றாவின் கடையை மூட அறிவித்து, எதிர்ப்பெழவே சில வாரங்களில் பின்வாங்கியது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. பிறவிடத்தில் படி இருந்தவற்றை மீளத் தேட முடிந்தது. ஒற்றைப் படியாயிருந்த ஏடுகள் போயின. தீவைப்பும் கடைமூடலும் ஒரு தரத்தனவல்ல. ஆனால் படி எங்கே இருக்கின்றது என்னும் வினா இரண்டுக்கும் பொது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத் திட்டம் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்த, நூலும் உரிமையாளரின் இசைவும் போதும். கையடக்கப் பொறியின் ஆக்கத்துக்கோ வெளியிட்டவர் இசைந்தாலும் போதாது. அதன் பூட்டு பொறி செய்தவனுடையது.