எக்கோ சவுண்டரை எங்கே மாட்டுவது?

ஃபைபர் படகுக்கு, ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் எக்கோ சவுண்டர் வாங்குகிறவர் திரையின் அகலத்தைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார். ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசர் எங்கே உட்காரப்போகிறது என்ற பேச்சு கடைசியில்தான் வரும். பெட்டியோடு வந்த பிடிப்பானைப் பின்பலகையில் நாலு திருகு போட்டு முடுக்கியதும் அதுவும் முடிந்துவிடும்.

இந்தப் பழக்கத்துக்கு நியாயம் உண்டு. படகின் அடியைத் துளைக்க வேண்டாம். கெட்டால் கழற்றி மாற்றலாம். ஒலி நேரே தண்ணீரில் இறங்குவதால் வலுக் குறையாது. செலவும் குறைவு.

ஆனால் இடம் பிசகினால் இத்தனையும் வீண். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். காற்றைச் சந்தித்தால் திரும்பிவிடும். மீன் திரையில் தெரிவதே இதனால்தான்: எதிரொலியின் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையிலிருந்து வருகிறது. காற்றுப்பை இல்லாத சுறாவும் திருக்கையும் மங்கலாகவே தெரியும். புரொப்பல்லரும் படகடியின் விளிம்புகளும் கிளப்பும் குமிழிகள் டிரான்ஸ்டியூசரின் முகத்தை மூடினாலும் ஒலி இப்படியே திரும்பிவிடும். படகு நிற்கும்போது தெளிவாக இருந்த தரை, வேகமெடுத்ததும் கோடுகோடாகச் சிதறுவது பெரும்பாலும் இதனால்தான். கருவியைக் குறை சொல்வதற்கு முன் பொருத்திய இடத்தைப் பார்க்க வேண்டும்.

சாய்வும் சின்ன விஷயமல்ல. 20 பாகை ஒலிக்கற்றை 30 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் அகல வட்டத்தைத்தான் பார்க்கும். டிரான்ஸ்டியூசர் 10 பாகை சாய்ந்திருந்தால் அந்த வட்டம் 5 மீட்டர் தள்ளிப் போகும். பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) விளிம்பில் தூண்டில் இறக்குகிறவருக்கு அது கல்லுக்கும் மணலுக்கும் உள்ள வித்தியாசம்.

பின்பலகைப் பொருத்தலின் பெரிய குறை கரையில்தான் வெளிப்படும். துறைமுகத்தில் மிதந்தபடி கிடக்கும் படகுக்கு அது பொருந்தும். சோழமண்டலக் கரையில் பல ஊர்களில் ஃபைபர் படகு அலையைக் கடந்து மணலில் ஏறுகிறது. டிராக்டர் கட்டி இழுக்கிறார்கள். அடிமட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழே நீட்டிக்கொண்டிருந்தால்தான் டிரான்ஸ்டியூசர் சரியாக வேலை செய்யும். மணலில் முதலில் உரசுவதும் அந்த நீட்டலே. இடிபட்டால் மடங்கும் பிடிப்பான் இருக்கிறது என்றாலும், அதன் கீலில் மணல் புகுந்து இறுகிவிடும். வலை வாங்கும்போது கண்ணியும் அதில் மாட்டும். திருகுத்துளையைச் சீலண்டால் அடைக்காவிட்டால் ஃபைபருக்குள் இருக்கும் ஒட்டுப்பலகை ஊறி உளுத்துப்போகும்.

மாற்று வழிகளும் குறையற்றவை அல்ல. அடியைத் துளைத்துப் பொருத்தினால் படம் தெளிவாக இருக்கும். ஆனால் மணலில் இழுக்கும் படகுக்கு அதைவிட ஆபத்தான இடம் இல்லை. பக்கவாட்டில் குழாயில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவது நங்கூரமிட்டுத் தூண்டில் போடுகிறவர்களுக்குப் போதும். ஓடும்போது குழாய் அதிரும், தூக்கிவிட வேண்டும்.

மணலில் ஏறும் படகுக்கு என் தேர்வு, உள்ளிருந்து அடித்தளத்தில் எபாக்ஸியால் ஒட்டுவது. வெளியே எதுவும் நீட்டாது. ஒலி ஃபைபரைக் கடப்பதில் கொஞ்சம் வலு குறையும், நீரின் வெப்பநிலை தெரியாது, எபாக்ஸியில் ஒரு குமிழி சிக்கினாலும் காரியம் கெடும். அதோடு, அந்த இடத்தில் ஃபைபர் திடமாக இருக்க வேண்டும்; நடுவே நுரையோ பலகையோ இருந்தால் உதவாது. ஒட்டுவதற்கு முன் இதைச் சோதிக்கலாம். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் டிரான்ஸ்டியூசரைப் போட்டு, படகின் உள்ளே அடியில் அழுத்தி வைத்து ஆழம் பார்க்க வேண்டும். பிறகு அதையே வெளியே தண்ணீரில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் அந்த இடம் தகும்.

ஆகவே கேள்வியை வாங்குகிறவரிடம் மட்டும் விடுவது சரியல்ல. படகு கட்டும் பட்டறைகள் வார்க்கும்போதே பின்பக்கம் ஏராவை (அடிக்கட்டையை) ஒட்டி, நுரை கலக்காத ஒரு சாண் அகலத் திட ஃபைபர் பரப்பை விட்டுவைத்தால் பிறகு துளைக்கவும் வேண்டாம், சோதித்துத் தேடவும் வேண்டாம். படகின் விலையில் அது பெரிதாகச் சேராது. மணலில் உடையும் ஒரு டிரான்ஸ்டியூசரின் விலையோ மீனவருக்குச் சுமை.