மேக் மினி எம்4: இப்போதே வாங்குவதா, காத்திருப்பதா

மேசைக்கணினி வாங்க முடிவுசெய்தவரை, எதை வாங்குவது என்பதைவிட எப்போது வாங்குவது என்ற கேள்வியே பெரும்பாலும் அலைக்கழிக்கிறது. இன்னும் சில மாதம் பொறுத்தால் புதிய செயலி வரும், பழையதன் விலை இறங்கும் என்ற எண்ணம் வாங்குவோர் மனத்தில் நெடுங்காலமாக ஊறிப்போனது. அது பல ஆண்டுகள் மெய்யாகவும் இருந்தது. ஆனால், காத்திருத்தலைக் கணினி முழுவதற்கும் பொருந்தும் ஒரே முடிவாகக் கொள்ளும்போதே கணக்குப் பிழைக்கத் தொடங்குகிறது. கணினியின் உறுப்புகளுள் சில, வாங்கிய நாளிலேயே இறுதியாகிவிடுபவை. வேறு சில, பின்னர் எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளத் தக்கவை. முன்னவற்றுக்காகப் பொறுப்பதில் பொருள் உண்டு. பின்னவற்றுக்காகப் பொறுப்பது வீண். இவ்வேறுபாட்டைத் துலக்கமாகக் காட்டும் பொறி, ஆப்பிள் நிறுவனம் 2024 அக்டோபர் 29 அன்று அறிவித்து நவம்பர் 8 முதல் விற்பனைக்குக் கொண்டுவந்த எம்4 மேக் மினி ஆகும். 2025 முடியும் தறுவாயிலும் அதன் இடத்துக்கு வேறொரு மினி வரவில்லை. ஆனால் அடுத்த தலைமுறைச் செயலியான எம்5, அதே ஆண்டு அக்டோபரில் மேக்புக் ப்ரோ மடிக்கணினியிலும் ஐபேட் ப்ரோவிலும் வந்துவிட்டது. எனவே இக்கருவியை மதிப்பிடுவதும், அதை இப்போது வாங்கலாமா என்று தீர்மானிப்பதும் பிரிக்க இயலாத ஒரே வேலையாகின்றன.

12.7 சென்டிமீட்டர் பக்கம் கொண்ட சதுரம், 5 சென்டிமீட்டர் உயரம், முக்கால் கிலோவுக்கும் குறைவான எடை என்ற அளவில், முந்தைய மினி அடைத்த மேசைப் பரப்பில் பாதிக்கும் குறைவான இடமே இதற்குப் போதும். கடைக்காரர்கள் எஸ்எம்பிஎஸ் என்று சொல்லும் மின்வழங்கிப் பகுதியும் இச்சிறு பெட்டிக்குள்ளேயே அமைந்திருப்பதால், வெளியே தனிக் கட்டியாக எதுவும் தொங்குவதில்லை. முகப்பில் இரண்டு யுஎஸ்பி-சி துளைகளும் காதுபேசித் துளையும், பின்புறம் மூன்று தண்டர்போல்ட் 4 துளைகளும் எச்டிஎம்ஐ, ஈதர்நெட் துளைகளும் உள்ளன. பழைய அகன்ற யுஎஸ்பி துளை ஒன்றுகூட இல்லை என்பது சிறு குறையாகத் தோன்றினாலும், கம்பி விசைப்பலகை, அச்சுப்பொறி, பென்டிரைவ் ஆகியவற்றைப் பழைய கணினியிலிருந்து கொண்டுவருபவருக்கு இணைப்பு மாற்றிகளின் செலவும் தொல்லையும் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். திரை, விசைப்பலகை, சுட்டி எதுவும் பெட்டியில் வருவதில்லை. உள்ளமைந்த ஒலிபெருக்கி அறிவிப்பு ஒலிகளுக்குப் போதுமானது, பாட்டுக் கேட்பதற்குப் போதாது.

இயக்கப் பொத்தான் அடிப்புறத்தின் பின்மூலையில் வைக்கப்பட்டிருப்பதால், பெட்டியை ஒரு பக்கம் சற்றுத் தூக்கினால்தான் விரல் எட்டும். கணினியை அணைக்காமல் உறக்கநிலையில் விடுபவர்க்கு இது பொருட்டாகாது. மின்சாரம் அடிக்கடி போய்வரும் ஊரில், யூபிஎஸ் இல்லாமல் பயன்படுத்துபவர்க்கோ இது நாள்தோறும் எரிச்சலூட்டும். மின்சாரம் திரும்பியதும் தானே தொடங்கும்படி இயங்குதளத்தின் ஆற்றல் அமைப்புகளில் ஒரு தேர்வு இருக்கிறது. அதை வாங்கிய அன்றே இயக்கிவைப்பது நல்லது. மின்செலவில் இப்பொறி வியக்கத்தக்க சிக்கனம் காட்டுகிறது. சும்மா இருக்கையில் ஏறத்தாழ 4 வாட்டும், முழுப் பளுவில் 65 வாட் அளவும் மட்டுமே இழுப்பதால், சிறிய யூபிஎஸ் ஒன்றே நெடுநேரம் தாங்குகிறது. எழுதுதல், உலாவியில் பல பக்கங்களைத் திறந்துவைத்தல், ஒளிப்படங்களைத் திருத்துதல் ஆகிய அன்றாட வேலைகளில் விசிறியின் ஓசை கேட்பதில்லை; நீண்ட காணொளியொன்றை மாற்றியமைக்கும்போதுதான் மெல்லிய இரைச்சல் எழுகிறது. எம்4 செயலியின் பத்துக் கருக்களுள், அதாவது தனித்தனியே கணக்கிடும் பகுதிகளுள், நான்கு விரைவுக்காகவும் ஆறு சிக்கனத்துக்காகவும் வகுக்கப்பட்டிருப்பதே இந்த அமைதிக்கு அடிப்படை. 59,900 ரூபாயில் தொடங்கும் விலைக்கு இத்தகைய வேகத்தை இவ்வளவு ஓசையின்றித் தரும் மேசைக்கணினி அரிது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இனி, காத்திருத்தல் என்னும் வழக்கத்தை மேக் மினியின் சொந்த வரலாற்றிலேயே சோதித்துப் பார்க்கலாம். 2012ஆம் ஆண்டு மாடலில் நான்கு கருக்கள் கொண்ட இன்டெல் செயலியைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. நினைவகத்தையும் வாங்கியவரே மாற்றிக்கொள்ள முடிந்தது. அதைவிடச் சிறந்தது வரும் என்று இரண்டாண்டு பொறுத்திருந்தவர்க்கு 2014 அக்டோபரில் கிடைத்ததோ, இரண்டே கருக்கள் கொண்ட, நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்ட மாடல். பல கருக்களையும் ஒருங்கே பயன்படுத்தும் வேலைகளில் புதியது பழையதைவிடப் பின்தங்கியது. அதுவும் வேண்டாம் என்று மீண்டும் பொறுத்தவர் 2018 அக்டோபர் இறுதிவரை, முழுதாக நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 499 டாலராக இருந்த தொடக்க விலை அப்போது 799 டாலராக ஏறியிருந்தது. இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. எம்2 மினி 2023 ஜனவரியில் 8 ஜிபி நினைவகத்துடன் 59,900 ரூபாய்க்கு வந்தது. இருபத்திரண்டு மாதம் பொறுத்தவர்க்கு அதே விலையில் 16 ஜிபி நினைவகமும் இரு தலைமுறை முன்னேறிய செயலியும் எம்4 வடிவில் கிடைத்தன. பொறுத்தவர் இருமுறை தோற்று ஒருமுறை வென்ற இந்த வரலாற்றிலிருந்து, அடுத்த மாடல் எப்படி இருக்கும் என்பதை நாள்காட்டியை வைத்துக் கணிக்க முடியாது என்பது மட்டுமே தெளிவாகிறது.

நாள்காட்டி பயன்படும் இடம் ஒன்று உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு மேக் கணினிக்குப் புதிய இயங்குதளப் பதிப்புகள் எத்தனை ஆண்டு வரும் என்பது, அதை வாங்கிய நாளைப் பொறுத்ததன்று. அந்த மாடல் வெளியான நாளைப் பொறுத்தது. 2018இல் வெளியான மினி, 2025 செப்டம்பரில் வந்த டாஹோ பதிப்பிலிருந்து விலக்கப்பட்டது; அதை முதல் நாளில் வாங்கியவர்க்கு ஏறத்தாழ ஏழாண்டு கிடைத்தது. 2014 மாடலுக்கு 2021இல் வந்த மான்ட்டரேயே கடைசிப் பதிப்பு என்பதால், அம்மாடலின் அந்திமக் காலமான 2018 கோடையில் அதை வாங்கியவர்க்கு, அடுத்த பதிப்பு வந்த 2022வரை ஏறத்தாழ நான்காண்டே மிஞ்சியது. ஓராண்டு பழகிய எம்4 மாடலை இன்று வாங்குபவர் அந்த ஓராண்டை ஏற்கெனவே இழந்தவராகிறார். அது பெரிய இழப்பன்று. ஆனால் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று இன்று எம்2 மாடலை வாங்குபவர், விலையில் மிச்சப்படுத்தும் தொகையை ஆண்டுகளாகத் திருப்பிக் கொடுக்கிறார்.

உறுப்புகளுள் மிக அதிகம் சிந்திக்க வேண்டியது நினைவகமே. ராம் எனப்படும் இது, கணினி அந்நேரத்தில் கையாளும் தரவுகளைத் தற்காலிகமாக ஏந்தி நிற்கும் இடம். எம்4 செயலியில் இது தனி அட்டையாகச் செருகப்படாமல், செயலியோடு ஒரே பொதியில் அமைக்கப்பட்டு, கணக்கிடும் கருக்களாலும் வரைகலைப் பகுதியாலும் பொதுவில் பயன்படுத்தப்படுகிறது. இதையே ஒருங்கிணைந்த நினைவகம் என்கின்றனர். தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் படியெடுக்கும் வேலை குறைவதால் விரைவு கிடைக்கிறது. ஆனால் வாங்கிய நாளில் தேர்ந்த அளவே கடைசிவரை. 16 ஜிபி போதாது என்று மூன்றாண்டு கழித்து உணர்பவர்க்கு, புதிய கணினி வாங்குவதைத் தவிர வழியில்லை. ஆப்பிளோ கூடுதல் 8 ஜிபிக்கு 20,000 ரூபாய் கேட்கிறது. எழுத்தும் படிப்பும் அலுவலும் மட்டுமே உள்ளவர்க்கு 16 ஜிபி தாராளம். நிரல் எழுதுவோரும் காணொளி தொகுப்போரும், கையிருப்பு போதாவிட்டால் சில மாதம் சேமித்தாவது 24 ஜிபி வாங்குவதே தக்கது. காத்திருப்பதற்குக் காரணம் என்று ஒன்று உண்டென்றால், அது இதுவே.

வெளிச்சந்தையில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்பவரின் நிலை அண்மைக்காலம்வரை இதற்கு நேர் எதிராக இருந்தது. செயலியைத் தாங்கும் மதர்போர்டின் பொருத்துத்துளை நெடுங்காலம் மாறாமல் இருந்தால், கணினியை இன்று வாங்கிவிட்டுக் காத்திருத்தலைப் பின்னுக்குத் தள்ள முடியும். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 பொருத்துத்துளை கொண்ட மதர்போர்டை 2017இல் வாங்கியவர்களுள் பலர், 2022இல் மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றின் துணையோடு ரைசன் 5000 வரிசைச் செயலியை அதே பலகையில் பொருத்திக்கொண்டனர். நினைவகத்தையும் அப்படியே, விலை இறங்கும்போது இன்னோர் அட்டையாகச் செருகிக்கொள்ளலாம் என்பதே பொது அறிவுரை. 2025இன் இறுதி மாதங்கள் அந்த அறிவுரையைப் புரட்டிப்போட்டன. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்யும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களும், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான நினைவகத்தின் பக்கம் தம் உற்பத்தியைத் திருப்பியதால், வீட்டுக் கணினிக்கான டிடிஆர்5 அட்டைகளின் விலை சில மாதங்களுக்குள் இரு மடங்குக்கும் மேல் ஏறியது. டிசம்பர் தொடக்கத்தில், நுகர்வோருக்கு நினைவகம் விற்றுவந்த தன் குரூஷியல் வணிகத்தை மூடப்போவதாக மைக்ரான் அறிவித்தது. புதிய சில்லு ஆலையைக் கட்டி உற்பத்திக்குக் கொண்டுவர ஆண்டுகள் ஆகும் என்பதால், பொறுத்தால் விலை இறங்கும் என்ற பழைய நம்பிக்கையை நினைவகத்தின் மீது வைப்பது இப்போது இடர்மிக்கது. வாங்கத் துணிந்தவர், தேவையான நினைவகம் முழுவதையும் முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது. இவ்விலை ஏற்றம், ஆயத்தமாக வரும் கணினிகளின் விலையிலும் ஏறாமல் போகாது.

சேமிப்பகத்தின் கதை வேறு. கோப்புகளை நிலையாக வைத்திருக்கும் எஸ்எஸ்டி, மேக் மினியின் தொடக்க மாடலில் 256 ஜிபி மட்டுமே. அதை 512 ஆக்க இன்னொரு 20,000 ரூபாய் ஆகிறது. இந்தத் தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை. தண்டர்போல்ட் 4 துளை நொடிக்கு 40 கிகாபிட் வேகம் தாங்குவது. முகப்பிலுள்ள யுஎஸ்பி-சி துளையே 10 கிகாபிட் தாங்குவது. ஒளிப்படத் தொகுப்பையும் காணொளிக் கோப்புகளையும் வெளி எஸ்எஸ்டி ஒன்றில் வைத்துக்கொண்டால், உள்ளமைந்த இடத்தை இயங்குதளத்துக்கும் மென்பொருள்களுக்கும் விட்டுவிடலாம். மேசையை விட்டு நகராத கணினிக்கு, பின்னால் ஒரு சிறு தகடு தொங்குவது இடைஞ்சலும் அன்று. வெளி எஸ்எஸ்டியை எந்த ஆண்டிலும் வாங்கலாம், பெரிதாக்கலாம், அடுத்த கணினிக்கும் கொண்டுசெல்லலாம்.

எம்5 மினிக்காகப் பொறுப்பதால் கிடைக்கக்கூடியது என்ன என்பதை, அச்செயலி ஏற்கெனவே வந்துள்ள மடிக்கணினியைக் கொண்டே மதிப்பிடலாம். கருக்களின் எண்ணிக்கை அதே பத்து. பல கருக்களும் சேர்ந்து உழைக்கும் வேலைகளில் எம்4ஐவிட 15 விழுக்காடுவரை விரைவு என்பதே ஆப்பிளின் சொந்தக் கூற்று. கடிதம் எழுதுபவரோ கணக்குப் பார்ப்பவரோ இதைக் கண்ணால் உணரப்போவதில்லை. நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே தரவு பாயும் வேகம் நொடிக்கு 120 கிகாபைட்டிலிருந்து 153 ஆக உயர்ந்திருப்பதும், வரைகலைக் கரு ஒவ்வொன்றிலும் நரம்புப்பின்னல் கணக்குகளுக்கெனத் தனி முடுக்கி சேர்க்கப்பட்டிருப்பதும் உண்மையான மாற்றங்கள். மொழி மாதிரிகளைத் தம் கணினியிலேயே ஓட்டிப் பார்ப்போர்க்கும் முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்குவோர்க்கும் இவை பெரிதும் பயன்படும். அவர்கள் பொறுப்பது நியாயமே. மற்றவர்கள் எம்4ஐ வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கலாம். எம்1 மினியை ஏற்கெனவே வைத்திருந்து, அதன் வேகத்தில் குறை காணாதவர் எதையும் வாங்க வேண்டியதில்லை. டாஹோ பதிப்பும் அதில் ஓடுகிறது.

தமிழில் எழுதுவோருக்கு இப்பொறி தரும் வசதியைத் தனியே குறிப்பிட வேண்டும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துருவும், அஞ்சல், தமிழ் 99 ஆகிய விசைமுறைகளும் மேக் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருவதால், எந்த மென்பொருளையும் நிறுவாமல் முதல் நிமிடத்திலேயே தட்டச்சைத் தொடங்கிவிடலாம். பல ஆண்டுகளாக ஒருங்குறியில் மட்டுமே எழுதிவருபவர்க்கு மாற்றம் எளிது. பழைய பேஜ்மேக்கரில் இன்னும் பக்கம் அமைத்துக்கொண்டிருக்கும் அச்சகங்களும், விண்டோசுக்கென்றே எழுதப்பட்ட டேலி போன்ற கணக்கு மென்பொருள்களை நம்பியிருக்கும் கடைகளும் இப்பொறியை நாடுவதில் பயனில்லை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அவர்களுடைய வேலை இதில் நடக்காது.

அவர்கள் பொறுத்திருப்பதற்கும் எல்லை ஒன்று வகுக்கப்பட்டுவிட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் ஓராண்டு நீட்டிக்கும் திட்டத்தில் பதிவுசெய்த வீட்டுக் கணினிகளுக்கு அது 2026 அக்டோபர் 13வரை செல்லும். விண்டோஸ் 11 ஏற்பதற்கு, இன்டெல் கணினியானால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலியும், டிபிஎம் 2.0 எனப்படும் மறைக்குறிப் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இவ்விரண்டும் உள்ள கணினியில் ஓர் எஸ்எஸ்டி மட்டும் சேர்த்தாலே இன்னும் சில ஆண்டு வேலை ஓடும். நினைவக விலை உச்சத்தில் இருக்கும் காலத்தில் இதுவே மிகச் சிக்கனமான வழி. அவ்விரண்டும் இல்லாத கணினியில் வங்கிக் கணக்கும் வரிக் கணக்கும் பார்ப்பவர், 2026 அக்டோபருக்கு முன் புதியதற்கு மாறிவிட வேண்டும்.