கிரீன் என்கிற எடிட்டர்

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்றாலே நாம் கலைச்சொல்லைத்தான் பேசுகிறோம். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார், 1860களில் அந்த வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார், புதுச்சொற்கள் உண்டாக்கினார். எல்லாம் சரிதான். மதம் பரப்புவதும் அவர் நோக்கத்தில் இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் என் வாசிப்பில் அவர் முதலில் ஒரு எடிட்டர்.

நூல்களை வரிசையாகப் பாருங்கள். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்'. இதில் அங்காதிபாதம் என்பது கிரேயின் அனாட்டமி. லண்டனில் அது முதலில் வந்ததே 1858இல்தான். பதினாலே வருஷத்தில் தமிழில் வந்துவிட்டது! தனி ஆளாகச் செய்கிற காரியமா இது? மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள், கிரீன் திருத்தினார். 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் விடவில்லை. 'மனுஷ சுகரணம்' வந்தது 1883இல். அடுத்த வருஷம் இறந்துபோனார்.

சொல் விஷயத்தில் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு, அங்கேயும் இல்லையா, ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போடு. உடலியங்கியலை 'சுகரணம்' என்பது இன்றைய காதுக்கு இடிக்கும். 'கெமிஸ்தம்' என்றால் சிரிப்பே வரும். எனக்கு அதில்தான் மரியாதை. சொல்லுக்காகப் புத்தகத்தைக் காக்க வைக்காதவர் அவர்.

அப்புறம் ஏன் அந்தச் சொற்கள் நிலைக்கவில்லை? கடினமான சொற்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'ஹீமோகுளோபின்' மட்டும் என்ன சுலபமா? ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் திரும்பத் திரும்பப் பார்த்து வாய்க்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். வகுப்பும் ஆஸ்பத்திரியும் தமிழில் நடந்தவரை கிரீனின் சொற்களும் புழங்கின. படிப்பு ஆங்கிலத்துக்குப் போனது, சொற்கள் அலமாரிக்குப் போயின.

நாம் இன்னும் சொற்பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். இன்றும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது பெரும்பாலும் கையில் தருவது ஆங்கில டிஸ்சார்ஜ் சம்மரி. எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று பக்கத்து வீட்டுக் காலேஜ் பையன் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் தப்பாகச் சொன்னால் போவது ஓர் உயிர். டாக்டர் எழுதியதை வாங்கி, நோயாளிக்கு இது விளங்குமா என்று கேட்டுத் திருத்தித் தர ஓர் ஆள் வேண்டும். கிரீன் கடைசிவரை பார்த்த வேலை அதற்குப் பக்கத்து வேலைதான். அந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.